4294967297 பகா எண்ணா? ஒரே சோதனை, இரண்டு விடை

கேள்வி
2³² + 1 = 4294967297 பகா எண்தானா என்று அறிய ஃபெர்மா சோதனை எழுதியிருக்கிறேன் (ஓர் அடியை, எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்து மீதி பார்ப்பது). அடி 2, அடுக்கு 4294967296. பகா எண் என்றால் மீதி 1 வர வேண்டும். பைத்தானில் 1 வருகிறது. சி நிரலில், குறியற்ற 64 பிட் மாறிகளில், 0 வருகிறது. எதை நம்புவது?

மறுமொழி 1
0 வரவே முடியாது. 2-இன் எந்த அடுக்கையும் 1-ஐவிடப் பெரிய ஒற்றைப்படை எண் மீதியின்றி வகுக்காது. பிழை வர்க்கம் எடுக்கும் வரியில் இருக்கிறது. 2-ஐத் திரும்பத் திரும்ப வர்க்கம் எடுத்தால் 2, 4, 16, 256, 65536 என்று போய் 2³² வரும். வகுக்கும் எண்ணைவிட அது ஒன்றே ஒன்று குறைவு என்பதால் மீதியாக அப்படியே நிற்கும். அதன் வர்க்கம் 2⁶⁴. ஆனால் 64 பிட்டில் அடங்குவது 2⁶⁴ − 1 வரைதான். அந்த ஒன்று கூடியதால் மாறி 0 ஆகிவிடுகிறது; பிறகு எத்தனை வர்க்கம் எடுத்தாலும் 0தான். பெருக்கலை மட்டும் 128 பிட்டில் செய்து, மீதி கண்டபின் 64 பிட்டில் போடுங்கள்.

மறுமொழி 2
மேலே சொன்னது சரி. ஆனால் 1 வந்துவிட்டதால் இது பகா எண் ஆகிவிடாது! 2³²-இன் மீதி −1 (வகுக்கும் எண்ணைவிட ஒன்று குறைவு என்பதை இப்படி எழுதலாம்), எனவே 2⁶⁴-இன் மீதி 1. உங்கள் அடுக்கு 64-இன் மடங்கு, ஆகவே 1 வந்தே தீரும். அடி 2-இல், ஃபெர்மா சோதனையைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனையும் இதனிடம் ஏமாறும். அடியை 3 ஆக்குங்கள்: மீதி 3029026160. பகு எண் என்பது அதோடு உறுதி.

காரணியைக் கையாலேயே பிடிக்கலாம், அழகான கணக்கு. இதன் பகாக் காரணிகள் எல்லாம் 128-இன் மடங்கோடு 1 கூட்டிய வடிவில்தான் இருக்கும்: 129, 257, 385, 513, 641... இவற்றில் பகா எண்கள் 257, 641 மட்டுமே. 257-ஆல் வகுத்தால் மீதி 2. அடுத்து,

641 = 5 × 2⁷ + 1 = 5⁴ + 2⁴

இனி 641-ஆல் வகுத்த மீதிகளைப் பார்ப்போம். முதல் வடிவப்படி 5 × 2⁷-இன் மீதி −1; நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாம் வடிவப்படி 5⁴-க்குப் பதில் −2⁴ இட்டால் −2³²-இன் மீதி 1. அதாவது 2³² + 1 வகுபடுகிறது. கணிதர் ஆய்லர் 1732-இல் கண்ட காரணி இதுதான்; ஈவு 6700417.

அந்த ஈவு பகா எண்ணா என்று பார்க்க, வர்க்கமூலம் 2588-க்குள் இதே வடிவில் உள்ள 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்தால் வகுத்தால் போதும். எதுவும் வகுக்காது.

மறுமொழி 3
இன்னொரு வழி: 65536² + 1² = 62264² + 20449². இரு வர்க்கங்களின் கூடுதலாக இரண்டு விதமாக எழுத முடிந்தாலே பகு எண். வித்தியாசங்கள் 65536 − 62264 = 3272, 20449 − 1 = 20448; இவற்றின் மீ.பொ.கா (மீப்பெரு பொதுக் காரணி) 8. கூடுதல்கள் 65536 + 62264 = 127800, 20449 + 1 = 20450; இவற்றுக்கு 50. 8, 50 இரண்டையும் பாதியாக்கி வர்க்கங்களைக் கூட்டினால் 4² + 25² = 641.

கேட்டவர்
நன்றி. எந்த அடிகளை வைத்தால் நம்பலாம்?

மறுமொழி 2
ஃபெர்மா சோதனையை விட்டுவிட்டு மில்லர்–ராபின் எழுதுங்கள். 4759123141-க்குக் குறைந்த ஒற்றைப்படை எண்களுக்கு 2, 7, 61 மூன்றும் போதும். 2, 7, 61 ஆகிய எண்களையே சோதிக்கும்போது மட்டும் தனியாகக் கையாளுங்கள்.