மறுமொழி: ரீலோடிங் – ‘மறுசுமையேற்றம்’ வேண்டாமே

அன்பின் நண்பர்களுக்கு,

> ஷெல் ரீலோடிங் = எறிகணை மறுசுமையேற்றம். எல்லோருக்கும் சம்மதமா?

நாம் தமிழாக்கும் கட்டுரையின் சொற்பட்டியலுக்கு நீங்கள் தந்த இந்தச் சொல்லில் எனக்குச் சம்மதமில்லை அண்ணா, கோபிக்க வேண்டாம். மட்டக்களப்பில் ஷெல் என்றால் வானத்தால் வந்து விழுவது. எறிகணையும் அதுதான். இந்தத் தலைப்பைக் கண்டால் எங்கள் சனம் முதல் வரியிலேயே பங்கர் தேடும். கட்டுரை சொல்வது, அமெரிக்காவில் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகுகிறவர்கள், சுட்டு முடிந்த 12 கேஜ் (குழல்விட்டத்தின் அளவு) வெறுந்தோட்டாக்களைப் பொறுக்கி வந்து வீட்டு மேசையில் திரும்பத் தயார்செய்வதைப் பற்றி. அங்கே அது பொழுதுபோக்கு. இங்கே இலங்கையில் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டம் இருக்கிறது. அனுமதியில்லாமல் வெடிமருந்தில் கைவைக்க முடியாது. அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

‘சுமையேற்றம்’ லொறிக்குரிய சொல். ‘மீள்நிரப்பல்’ பரவாயில்லை, ஆனால் துவக்குக்குள் அடுத்த தோட்டாவைப் போடுவதும் ஆங்கிலத்தில் ரீலோட்தான். அந்தக் குழப்பத்தை நாமும் ஏன் இறக்குமதி செய்யவேண்டும்?

என் முன்மொழிவு: கோதடைத்தல்.

கோது உங்களுக்குத் தெரியும். உள்ளிருந்தது போனபின் மிஞ்சுவது. சுட்ட தோட்டாவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அடைத்தலுக்குப் புட்டுக் குழலை நினையுங்கள். அடியில் சில்லு, பிறகு மா, தேங்காய்ப்பூ, திரும்ப மா. அதைக் குழலில் ‘அடைக்கிறது’ என்றுதான் சொல்வோம். தோட்டாவிலும் அதே ஒழுங்குதான். அடியிலிருந்த பழைய கேப்பை (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடி) தட்டிக் கழற்றிவிட்டுப் புதியது, அதன்மேல் அளந்த மருந்து, மருந்துக்கு மேல் பிளாஸ்டிக் தக்கை, தக்கையின் கிண்ணத்துக்குள் ஈயச் சன்னம், அதாவது சின்னச் சின்ன ஈயக் குண்டுகள். கடைசியாகக் கோதின் வாயை ஆறு அல்லது எட்டு மடிப்பாக மடித்து மூடவேண்டும். (மோதகத்துக்கு வாய் கூட்டுகிற மாதிரி. ‘வாய்மடிப்பு’ என்றே வைக்கலாம்.)

‘இடித்தல்’ என்று எழுதிய தம்பிக்கு: எனக்கும் முதலில் அதுதான் வந்தது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பெரியப்பா பன்றிக்காவலுக்கு வைத்திருந்தது இடியன் துவக்கு. குழல்வாயால் மருந்தைக் கொட்டி, தென்னந்தும்பை வைத்து, கம்பியால் இடித்து, சன்னத்தைப் போட்டு, மேலே இன்னும் கொஞ்சத் தும்பு. பெயரே அந்த இடியால் வந்தது. ஆனால் தோட்டாவில் மருந்தை யாரும் இடிப்பதில்லை. தோட்டா நிரப்பும் பொறியின் பிடியை இழுத்து, தக்கையை மருந்தின்மேல் அளவாக அமர்த்துகிறார்கள். ஆரம்பிக்கிறவன் ‘இடி’ என்று படித்துவிட்டு அப்படியே செய்தால்? ஆகவே சன்னத்தை எடுத்துக்கொள்வோம், இடியை விட்டுவிடுவோம்.

‘மாரடைப்பு மாதிரிக் கேட்கிறதே’ என்று யாராவது சொல்லப்போகிறீர்கள். அதனால்தான் அடைப்பு இல்லை, அடைத்தல். தக்கைக்கு ‘அடைப்பான்’ என்று ஒருவர் தந்ததையும் இதனாலேயே தள்ளுகிறேன். பொறிக்குக் ‘கோதடைபொறி’ சரிவரும்.

ஓர் இடத்தில் மட்டும் தமிழாக்கமே வேண்டாம் என்பேன். மருந்தின் எடை கிரெயினில் அளக்கப்படுகிறது. 7000 கிரெயின் ஒரு பவுண்டு, ஒன்று 0.065 கிராம் அளவு. அதைக் ‘குன்றிமணி’ ஆக்கியிருக்கிறீர்கள். அழகான சொல்தான், ஆனால் குன்றிமணி கிட்டத்தட்ட இரண்டு கிரெயின். இரட்டிப்பு மருந்து போனால் குழல் கையிலேயே வெடிக்கலாம். மருந்து உற்பத்தியாளர்கள் வெளியிடும் அட்டவணையில் கோது, கேப், தக்கை, மருந்து, சன்னத்தின் எடை எல்லாம் சேர்த்தே ஓர் அளவு. அதில் ஒன்றை மாற்றினாலும் அந்த அளவு செல்லாது. அப்படிப்பட்ட இடத்தில் கிரெயின் கிரெயினாகவே இருக்கட்டும்.

‘கிழக்கு மாகாணச் சொல்லை எல்லோர் தலையிலும் கட்டலாமா’ என்ற கேள்விக்கு: 1936இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் எங்கள் கிழக்கு மாகாணக் காரைதீவில் பிறந்த தமிழறிஞர் விபுலானந்த அடிகள். அந்தத் துணிச்சலில்தான் கேட்கிறேன்.

கேப்புக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. ‘எரியூட்டி’ மயானத்தை நினைவூட்டுகிறது. வன்னிப்பக்கம் வேறு பெயர் இருந்தால் எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் பட்டியலை அனுப்பவேண்டும்.