புதுப்பிப்பு: அம்மாவின் மாலை நேரப் பதற்றம்

மறதி நோயுள்ள அம்மா, மாலையானால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கதவருகே நின்றுவிடுகிறார் என முன்பு எழுதியிருந்தேன். சிலர் கூறியபடி, இந்நோய்க்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரை அணுகினேன்.

அம்மாவைப் பற்றிக் கேட்பதற்கு முன், நான் எத்தனை மணி நேரம் தூங்குகிறேன் என்று அவர் கேட்டார். அதற்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு, குழப்பம் இரண்டே நாளில் திடீரெனக் கூடியதை அறிந்து, மறதி நோய் பொதுவாக அவ்வளவு வேகமாக முற்றாது, தொற்றோ வலியோ மலச்சிக்கலோ காரணமாக இருக்கலாம் என்று விளக்கி, மருத்துவரிடம் அனுப்பினார். சிறுநீர்த் தொற்றுதான். சிகிச்சைக்குப் பின் இரவு அலைச்சல் பெருமளவு குறைந்தது.

வீட்டுக்குப் போகும் பேச்சு மட்டும் நிற்கவில்லை. "இதுதாம்மா நம்ம வீடு" என்று வாதாடுவதை விட்டு, "அந்த வீட்டில் யாரெல்லாம் இருந்தாங்க?" என்று கேட்டால், செருப்பைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்து பேசத் தொடங்கிவிடுகிறார்.

(பிரிட்டனில் இத்தகைய செவிலியருக்கு அட்மிரல் நர்ஸ் என்று பெயர், மறதி நோய்க்கு ஆளான, படகோட்டத்தில் பெரும் ஈடுபாடு கொண்டிருந்த ஜோசப் லெவியின் செல்லப்பெயரிலிருந்து வந்தது.)

எனக்கு ஓய்வு கிடைக்க, வாரம் இரண்டு மதியம் அண்ணன் வர வேண்டும் என்ற ஏற்பாடு இன்னும் பேச்சளவிலேயே இருக்கிறது.