புள்ளி போட்ட குட்டி: சிறுத்தையா, சிங்கமா?

சாட்ஸ்வொர்த் தாத்தா:
போன வாரம் ஹ்லுஹ்லுவே–இம்ஃபோலோசி வனவிலங்குக் காப்பகத்துக்குப் போனோம். புதரோரம் புள்ளி போட்ட குட்டி ஒன்று தலையை நீட்டியது. நான் சிறுத்தை என்றேன். பேத்தியோ, "இல்லை தாத்தா, சிங்கம்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். சமோசா பந்தயம் வேறு. எது சரி?

ஃபீனிக்ஸ்காரி:
பேத்தி சொல்வதுதான் ஐயா. சிங்கக்குட்டி புள்ளியோடுதான் பிறக்கும், வளர வளர மங்கிவிடும். சில பெண் சிங்கங்களுக்கு வயிற்றிலும் காலிலும் பெரிதான பிறகும் லேசாகத் தெரியும். சிறுத்தைக்குப் புள்ளி வளையம் வளையமாக, அழுத்தமாக இருக்கும். வளர்ந்ததாக இருந்தால் வாலைப் பார்த்தே சொல்லலாம்: நுனியில் கறுப்புக் குஞ்சம் சிங்கத்துக்கு மட்டுமே. குட்டிக்கு அது முளைக்க ஐந்தாறு மாதமாகும்.

டர்பன் மாமா:
பக்கத்தில் வேறு யாரும் இருந்தார்களா? ஆணும் பெண்ணும் குட்டிகளுமாகக் கூட்டுக்குடும்பம் நடத்தும் பெரும்பூனை சிங்கம்தான். சிறுத்தை தனிக்கட்டை. வேட்டையாடியதைக்கூடப் பங்கு கேட்க ஆள் வருமுன் மரத்தில் ஏற்றிவிடும்.

சாட்ஸ்வொர்த் தாத்தா:
அடடா, எழுத மறந்தேனே! சற்றுத் தள்ளி மூன்று பெண் சிங்கங்கள் படுத்திருந்தன. அவை வேறு, இது வேறு என்று நினைத்துவிட்டேன். சரி, சமோசா ஒரு டஜன்.