துண்டறிக்கையில் ஒரு சொல்: மணல் ஆலையை "கார்ப்பரேட்" என்று எழுதலாமா?

குளச்சல்கரை:
ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கான துண்டறிக்கை வரைவைப் பார்த்தேன். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் கிள்ளியூர் பக்கம் அணுக்கனிம மணல், அதாவது அணுசக்திக்கு உதவும் கனிமம் கலந்த மணல், எடுக்கும் திட்டம் வேண்டாம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தலைப்பில் "கார்ப்பரேட்டுக்கு எங்கள் மண்ணைத் தாரைவார்க்காதே" என்று போட்டிருக்கிறீர்கள். மணல் எடுக்கப்போவது ஐ.ஆர்.இ.எல்., பழைய பெயர் இந்தியன் ரேர் எர்த்ஸ். 1950இல் தொடங்கியது, ஒன்றிய அரசின் அணுசக்தித் துறைக்குக் கீழே இருப்பது. முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம்.

தேங்காப்பட்டணம் டீக்கடை:
அண்ணே, அரசு நிறுவனம் என்றால் கம்பெனி இல்லையா? பெயரின் கடைசியில் "லிமிடெட்" இருக்கிறதே, இயக்குநர் குழு, ஆண்டறிக்கை, லாபக் கணக்கு எல்லாம் இருக்கிறதே. வீட்டுப் பக்கத்தில் குழி தோண்ட வருகிறவனிடம் போய் பங்கு யார் கையில் இருக்கிறது என்று கேட்டுவிட்டா எங்கள் ஊர்ப் பாட்டி பயப்படுவாள்? கார்ப்பரேட் என்றால் பெரிய ஆள், நாம் சொன்னால் கேட்காத ஆள். சனங்களுக்கு அது புரியும்.

குளச்சல்கரை:
பங்கு யார் கையில் என்பதுதான் விஷயமே மக்கா. தனியார் என்றால் முதலாளியைத் திட்டிவிட்டு வீட்டுக்கு வரலாம். அரசு நிறுவனம் என்றால் எம்.பி.யைப் பிடித்து நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கச் சொல்லலாம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நேராக அவர்களிடமே மனுப் போடலாம். கார்ப்பரேட் என்று எழுதினால் படிக்கிறவன் யாரோ வடக்கத்திய சேட்டு என்று நினைத்துக்கொண்டு மனுப் போட வேண்டிய இடத்தை மறந்துவிடுவான்.

தக்கலை கணக்கப்பிள்ளை:
ரெண்டு பேருமே சொல்லைப் போட்டுக் குழப்புகிறீர்கள். 2013ஆம் வருடத்துச் சட்டப்படி ஒரே ஒரு ஆள்கூட கம்பெனி தொடங்கலாம், மேசையும் லேப்டாப்பும் போதும், அவரும் சட்டத்தின் கண்ணில் கார்ப்பரேட்தான். பப்ளிக் லிமிடெட் என்றாலே அரசுடையது என்று நினைக்கிறவர்கள் என்னிடம் வாராவாரம் வருகிறார்கள். ரிலையன்ஸும் பப்ளிக் லிமிடெட்தான். கழகம், அதாவது கார்ப்பரேஷன், கதை இன்னும் வேடிக்கை. எல்.ஐ.சி. 1956இல் தனிச் சட்டம் போட்டு வந்த கழகம். நம்ம அரசு ரப்பர் கழகமோ பெயரில்தான் கழகம், 1984இல் கம்பெனியாகப் பதிவானது. இதற்கு நடுவே "கார்ப்பரேஷன் வண்டி குப்பை எடுக்க வரவில்லை" என்று நாகர்கோவிலில் சொன்னால் அது மாநகராட்சி.

குழித்துறை ரீட்டா:
எங்கள் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்துக்கு அண்டி ஆபீஸ் என்று பெயர். அம்மா போன இடம். ஆபீஸ் என்றதும் நாற்காலி மேசை என்று நினைக்காதீர்கள், தரையில் குந்தி உட்கார்ந்து, கொட்டையின் எண்ணெய் தோலைப் பொசுக்காமலிருக்க சாம்பலைத் தடவிக்கொண்டு உடைப்பார்கள், அப்படியும் விரல் நுனி கறுத்துத்தான் கிடக்கும். அந்த ஆபீஸ் பிரைவேட்டா கூட்டு வியாபாரமா என்று ஒருத்தரும் கேட்டதில்லை, சனிக்கிழமை கூலி வருமா என்பதுதான் பேச்சு. மணவாளக்குறிச்சியில் இந்த ஐ.ஆர்.இ.எல். இடத்தை மணல் ஆலை என்றால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். அதையே தலைப்பில் போடுங்களேன்.

தேங்காப்பட்டணம் டீக்கடை:
ரீட்டா அக்கா சொல்வது சரி, ஆனால் ஆலை என்றால் ஏதோ நெல்லு குத்துகிற மாதிரி இருக்கிறது, உறைக்காது. இன்னொன்று. 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது டச்சு நாட்டு அரசாங்கம் இல்லை, ஒரு கம்பெனி, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. 1602இல் தொடங்கி ஆம்ஸ்டர்டாமில் பங்கு விற்ற கம்பெனி, கப்பலும் பீரங்கியும் சிப்பாயும் வைத்திருந்தது. அதன் ஆள் டி லனாய் இங்கே பிடிபட்டு, மகாராஜாவுக்கே தளபதியாகி, உதயகிரிக் கோட்டையில் அடக்கமாகி இருக்கிறார். வியாபாரம் எது, அரசாங்கம் எது என்று பிரிக்க முடியாத ஒன்றை இந்த மாவட்டம் அன்றைக்கே பார்த்துவிட்டது.

குளச்சல்கரை:
கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்குத்தான் சாதகம். டச்சுக் கம்பெனி தனியார் பணம், அரசு கொடுத்த சாசனத்தை வைத்துப் படை நடத்தியது. இங்கே முதலாளியே அரசு. தலைகீழ்.

தக்கலை கணக்கப்பிள்ளை:
பேசாமல் "பெருநிறுவனம்" என்று போட்டுவிடுங்கள், பத்திரிகைகளில் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

குழித்துறை ரீட்டா:
எங்கள் தெருவில் ஒருத்தர் வாயிலும் அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. கம்பெனி என்பார்கள், இல்லாவிட்டால் முதலாளி என்பார்கள்.

தேங்காப்பட்டணம் டீக்கடை:
சரி, தலைப்பு "மணல் ஆலைத் திட்டம் வேண்டாம்", அதற்குக் கீழே ஒன்றிய அரசு நிறுவனம் என்று சின்ன எழுத்தில். ஆனால் பிரித்தெடுத்த கனிமம் யாருக்கு விற்பனையாகிறது என்று எழுதுகிற பத்தியில் கார்ப்பரேட் வரும், அதை நான் விடமாட்டேன்.

குளச்சல்கரை:
எழுது, ஆனால் ஐ.ஆர்.இ.எல். ஆண்டறிக்கையில் இருப்பதை மட்டும் எடுத்துப் போடு. சின்ன எழுத்து வேண்டாம், பாட்டிக்கும் கண்ணு தெரியணும். புதன் சாயங்காலத்துக்குள் அச்சகத்தில் கொடுத்தாகணும்.