கேம்ப்பர் இழுக்க பெட்ரோல் டிரக்கா, டீசலா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. டென்வரில் இருக்கிறோம். நாங்கள் இருவர், மகள், கோடையில் ஊரிலிருந்து வரும் அப்பா அம்மா. 7,500 பவுண்டு எடையுள்ள டிராவல் டிரெய்லர் (வண்டியின் பின்னால் இழுத்துப் போகும் கேம்ப்பர்) ஒன்றைப் பேசி வைத்திருக்கிறோம். இழுக்க ஃபோர்டு எஃப்-250 என்பது முடிவு. 7.3 லிட்டர் பெட்ரோலா, 6.7 லிட்டர் டீசலா என்பதில்தான் குழப்பம்.

ஐ-70 மலைப்பாதையை நினைத்தால்தான் கவலை. ஐசனோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும் கருவி) இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். அங்கே ஏறுவதற்குள் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். டீசலுக்கு டர்போ கைகொடுக்கும். ஏற்றத்தில் மெதுவாகப் போனாலும் பரவாயில்லை, எனக்குப் பயம் இறக்கம்தான். சுரங்கம் தாண்டி மேற்கே சில்வர்தார்ன் வரை செங்குத்தான சரிவு, பின்சீட்டில் வயசானவர்கள். டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறுவதைத் தடுத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) மேல் ஆசை வருவது அதனால்தான்.

ஆனால் டீசலுக்குப் பல ஆயிரம் டாலர் கூடுதல். எஞ்சின் கனம் என்பதால் பேலோடும் (வண்டி சுமக்கக்கூடிய எடை) குறைகிறது. ஐந்து பேர், ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் கொக்கி) மேல் விழும் எடை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மற்ற நாட்களில் பள்ளிக்கூடம், கடை என்று குறுகிய ஓட்டம்தான். அதில் டிபிஎஃப் (டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) சீக்கிரம் அடைத்துக்கொள்ளுமே.

7.3 பெட்ரோலில் இந்த மலையைக் கடந்தவர்கள் இருக்கிறீர்களா? இறக்கத்தில் கீழ் கியர் மட்டுமே வண்டியைப் பிடித்து நிறுத்தியதா, பிரேக்கை அடிக்கடி மிதிக்க வேண்டி வந்ததா? டீசல் வைத்திருப்பவர்கள், கதவோர ஸ்டிக்கரில் உங்கள் பேலோடு எவ்வளவு என்று சொன்னால் பெரிய உதவி.