அரசியல் குழுக்களில் புதிதாகச் சேருபவர் அங்குள்ள பேச்சை எப்படிப் பழகிக்கொள்வது?

கேள்வி: உப்புவெளி வாசகன்

வணக்கம். திருகோணமலை மாவட்ட அரசியலைப் பேசும் இரண்டு வட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு முகநூல் குழுவிலும் அண்மையில் சேர்ந்தேன். நாளிதழ் வாசிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஆயினும் அங்கே எழுதப்படுவதில் பாதிதான் விளங்குகிறது. "வீட்டுக்கு ஒன்று உறுதி, இரண்டாவது சேருவில பெட்டிக்குள் இருக்கிறது" என்று ஒருவர் எழுதினார். பலர் சிரித்தார்கள், சிலர் சண்டைக்கு வந்தார்கள். கிழக்கு மாகாண சபைக்கு ஏன் இன்னும் தேர்தல் நடத்தப்படவில்லை என்று நான் கேட்டபோது, "தம்பி எந்தக் கட்சியின் ஆள்?" என்ற எதிர்க்கேள்விதான் கிடைத்தது. எந்தக் கட்சியையும் சாராத ஒருவர் இத்தகைய இடங்களில் எப்படிக் கேள்வி கேட்பது? சில காலம் பேசாமல் வாசித்துக்கொண்டிருப்பதுதான் முறையா?

பதில் 1: கச்சேரியடி

தம்பி, அந்த ஒரு வசனத்தைப் பிரித்துப் பார்த்தாலே குழுவின் பாதிப் பேச்சு பிடிபட்டுவிடும். வீடு என்பது தமிழரசுக் கட்சியின் சின்னம். இங்கே கட்சிப் பெயரை முழுமையாக எழுதுபவர்கள் குறைவு. தேசிய மக்கள் சக்தி திசைகாட்டி ஆகிவிடும், ஐக்கிய மக்கள் சக்தி தொலைபேசி ஆகிவிடும், முஸ்லிம் காங்கிரஸ் மரம் ஆகிவிடும். நமது மாவட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் 4 ஆசனங்கள். அவற்றில் ஒன்று முதலிடம் பெறும் கட்சியின் வேட்பாளர் பட்டியலுக்குப் போனஸாகப் போய்விடும். எஞ்சிய மூன்றுதான் வாக்கு விகிதப்படி பங்கிடப்படும். 5 வீதத்துக்குக் குறைவாகப் பெற்றவர்கள் அந்தப் பங்கீட்டுக்குள் வரவே மாட்டார்கள். 2024 பொதுத் தேர்தலில் திசைகாட்டி இரண்டும், தொலைபேசியும் வீடும் ஒவ்வொன்றும் பெற்றன. திருகோணமலை, மூதூர், சேருவில ஆகிய மூன்று தேர்தல் தொகுதிகளில் சேருவிலவில் சிங்கள வாக்காளர்களே பெரும்பான்மையினர் என்பதால், வீட்டின் இரண்டாவது ஆசனம் அங்கிருந்து வரும் என்று எழுதியவர் நக்கல் அடித்திருக்கிறார். சிரித்தவர்கள் யார், சண்டைக்கு வந்தவர்கள் யார் என்பதை இனி நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதே கணக்கிலிருந்துதான் குழுக்களில் மிகக் கடுமையான வசையும் பிறக்கிறது. ஒருவரைத் துரோகி என்று திட்டினாலும் இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள். "வாக்கைப் பிரிக்க வந்தவர்" என்று சொல்லிவிட்டால் அது ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும். தமிழ் வாக்குகள் இரண்டு மூன்று பட்டியல்களுக்குச் சிதறினால் இருக்கும் ஓர் ஆசனமும் கைநழுவிப்போகலாம் என்ற அச்சம் இங்குள்ள மூத்தவர்களுக்கு எப்போதும் உண்டு. வேட்புமனுக் காலத்தில் அவர்கள் ஏன் அவ்வளவு சிடுசிடுப்பாக எழுதுகிறார்கள் என்பதற்குக் காரணமும் அதுதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012இல்; அதன் பதவிக்காலம் 2017இல் முடிந்தது. அதே ஆண்டு தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் நிறைவேற்றினார்கள். புதிய முறைக்குத் தேவையான எல்லை நிர்ணய அறிக்கையை, அதாவது தொகுதிகளின் எல்லைகளை வகுத்த அறிக்கையை, 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிராகரித்துவிட்டது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்ற நிலையில் தேர்தல் அந்தரத்தில் நின்றுபோனது. 2017இல் அந்தச் சட்டத்துக்குத் தமிழ், முஸ்லிம் கட்சிகளும் ஆதரவாக வாக்களித்திருந்தன. ஆகவே "ஏன் தேர்தல் இல்லை" என்று ஒருவர் கேட்டால், நீங்கள்தானே கை உயர்த்தினீர்கள் என்று குத்திக்காட்டுவதாகவே அக்கட்சிகளின் ஆதரவாளர்களுடைய காதில் விழும். நீங்கள் அறியாமல் கேட்டீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. "எல்லை நிர்ணய அறிக்கை நிராகரிக்கப்பட்ட பின் என்ன நடந்தது?" என்று கேட்டிருந்தால், அதே ஆட்கள் ஒரு பக்கம் எழுதியிருப்பார்கள்.

பதில் 2: மூதூர் வாசகி

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சின்னங்களை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். அதைவிடக் கடினமானவை, எழுதுபவர் அறியாமலேயே அவரது பக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் சொற்கள். "வடகிழக்கு" என்று சேர்த்து எழுதுபவருக்கும் "வடக்கும் கிழக்கும்" என்று பிரித்து எழுதுபவருக்கும் இடையே பெரும்பாலும் ஒரு நிலைப்பாட்டு வேறுபாடு இருப்பதாகவே எங்கள் குழுவில் எடுத்துக்கொள்வார்கள். 1987 இந்திய-இலங்கை உடன்படிக்கைக்குப் பின் இரு மாகாணங்களும் 1988இல் இணைக்கப்பட்டதும், 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்த இணைப்புச் செல்லாது எனத் தீர்ப்பளித்ததும், 2007 ஜனவரியில் இரண்டும் தனித்தனியாக இயங்கத் தொடங்கியதும் மூத்தவர்களுக்கு வாழ்ந்து கண்ட அனுபவம். இணைந்த மாகாணத்தின் தலைமையகம் திருகோணமலையிலேயே இருந்தது என்பதால் இங்கே அந்த நினைவு இன்னும் கூர்மையானது. மூதூரிலும் கிண்ணியாவிலும் உள்ள முஸ்லிம் வாசகர்கள் பலருக்கு இணைப்பு என்ற பேச்சே தங்கள் பங்கு என்ன என்ற கேள்வியை எழுப்பிவிடும். "தமிழ் மக்கள்" என்று ஒருவர் எழுதும்போது எங்களையும் சேர்த்துத்தான் எழுதுகிறாரா என்று நான் நின்று பார்ப்பேன். "தமிழ் பேசும் மக்கள்" என்றால் தொடர்ந்து வாசிப்பேன், சில வேளை அதையும் சந்தேகத்தோடுதான்.

எனவே, தம்பி, முதல் தடவை எழுதும்போது ஊரைச் சொல்லிவிட்டு எழுதுங்கள். ஊர் தெரியாதவர் எழுதினால் பின்னால் யாரோ இருக்கிறார் என்றே நினைப்பார்கள். தேர்தல் முடிவு வெளியாகும் இரவிலும், மரணச் செய்தி வந்த நாளிலும் எதுவும் கேட்காதீர்கள். 2024 ஜூன் இறுதியில் தமிழரசுக் கட்சியின் மூத்த தலைவர் சம்பந்தன் ஐயா காலமானபோது, அவரைக் கடுமையாக விமர்சித்து வந்தவர்கள்கூட எங்கள் குழுவில் சில நாள் அடங்கியிருந்தார்கள்.

பதில் 3: நிலாவெளி வீதி

மேலே உள்ள இரண்டு பதில்களும் பயனுள்ளவை. ஆனால் முழுச் சுமையையும் புதியவர் தலையிலேயே ஏற்றுகின்றன. இணையத்தின் தொடக்ககாலத்தில் யூஸ்நெட் என்ற உரையாடல் வலையமைப்பின் குழுக்களுக்கு ஒவ்வொரு செப்டெம்பரிலும் பல்கலைக்கழகப் புதுமுகங்கள் வந்து சேருவார்கள். பழையவர்கள் சலித்துக்கொண்டே அவர்களைப் பழக்கிவிடுவார்கள். 1993க்குப் பின் வருகை நிற்காமல் பெருகவே, அதை முடிவில்லாத செப்டெம்பர் என்று அலுத்துக்கொண்டார்கள். நமது குழுக்களில் சலிப்பு மட்டும் இருக்கிறது, பழக்கிவிடும் வேலை இல்லை. பியர் பற்றி விமர்சனம் எழுதும் இரண்டு இணையச் சமூகங்களை வைத்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, உறுப்பினர்கள் தொடக்கத்தில் குழுவின் புதிய சொற்களை ஆர்வமாகப் பிடித்துக்கொள்வதையும், நாளடைவில் அதை நிறுத்திவிட, குழுவின் மொழி அவர்களைக் கடந்து போய்விடுவதையும் காட்டியது. அரசியல் பேசும் நம்மவர்களிடமும் அதே குணத்தைத்தான் நான் பார்க்கிறேன். 2022 பொருளாதார நெருக்கடிக்கால மக்கள் போராட்டத்தின் வழியாக வந்த இளையவர்கள் எரிபொருள் வரிசையிலிருந்தும் விலைவாசியிலிருந்தும் அரசியலைப் பேசத் தொடங்கினார்கள். அவர்களை "வரலாறு தெரியாதவர்கள்" என்று ஒரே சொல்லில் ஒதுக்கியவர்கள் 2024 தேர்தல் முடிவைக் கண்டு திகைத்துப்போனார்கள்.

பேசாமல் வாசிப்பது முகநூலில் சரிவரும், ஏனென்றால் பழைய பதிவுகள் அங்கே இருக்கின்றன. வட்ஸ்அப்பில் பொதுவாக நீங்கள் சேர்ந்த நாளுக்கு முந்திய உரையாடல் உங்களுக்குக் கிடைக்காது. அங்கே கேட்காமல் எதைக் கற்பது? ஒரு வழக்கத்தை மட்டும் பழகிவிடாதீர்கள்: "வந்ததை அனுப்பினேன்" என்று எழுதி, மூலம் தெரியாத செய்தியைத் தள்ளிவிடுவது. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கக் கலவரத்தின்போது முகநூலும் வட்ஸ்அப்பும் நாடு முழுவதும் முடக்கப்பட்டதற்கு அத்தகைய பகிர்வுகளும் காரணம். இப்போது இணையத்தில் பொய்ச் செய்தி பரப்புவதற்கு எதிரான 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் மீது எனக்குப் பல விமர்சனங்கள் உண்டு; அதை வேறு இழையில் பேசலாம்.

மறுமொழி: உப்புவெளி வாசகன்

மூவருக்கும் நன்றி. முகநூல் குழுவில் மாகாண சபை பற்றிய பழைய விவாதங்களைத் தேடிப்பார்த்தேன், நூற்றுக்கணக்கில் வருகின்றன. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கச்சேரியடி

"எல்லை நிர்ணயம்" என்று தேடி, 2017 செப்டெம்பர், 2018 ஆகஸ்ட் ஆகிய இரு மாதங்களின் பதிவுகளை மட்டும் முதலில் வாசியுங்கள். பதிவை விடக் கீழேயுள்ள கருத்துகளைக் கவனியுங்கள். இன்று உங்களிடம் கட்சி கேட்டவர் அன்று என்ன எழுதினார் என்பதும் அங்கே இருக்கக்கூடும்.