முதிர்ந்த காதல், முதிராத காதல்: எதை வைத்துப் பிரித்தறிவது?

தூரிகை:
"பொறாமைப்படுகிறாரா, அப்படியானால் பாசம் அதிகம்" என்கிறார்கள். "சண்டையே வராது, பக்குவமான ஜோடி" என்றும் சொல்கிறார்கள். இரண்டுமே எனக்கு ஒட்டவில்லை. அன்றாட நடத்தையில் வித்தியாசம் எங்கே தெரியும்? சண்டைக்குப் பின் நாள்கணக்கில் பேசாமல் இருப்பதை எதில் சேர்ப்பது?

வெண்பலகை:
மயக்கத்தின் வேகத்தை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். சதா அவர் நினைப்பு, பதில் தாமதமானால் படபடப்பு... இந்த நிலைக்கு டோரதி டென்னவ் என்ற உளவியலாளர் 'லிமரன்ஸ்' என்று பெயர் வைத்தார். ஒன்றரை முதல் மூன்று ஆண்டுக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும் என்பது அவர் கணக்கு. தணிந்ததும் "காதல் போச்சு" என்று அடுத்தவரைத் தேடினால், காதலித்தது ஆளை அல்ல, அந்தப் படபடப்பை.

கரைமணல்:
மௌனம் இரண்டு வகை. ஜான் காட்மன் தம்பதிகளின் சண்டைகளை ஆய்வுக்கூடத்தில் பதிவுசெய்து பார்த்தவர். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது காதில் விழும், மண்டையில் ஏறாது. உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். ஆகவே விலகுவது தப்பில்லை. திரும்பும் நேரத்தைச் சொல்லாமல் விலகுவதுதான் தப்பு. "இப்ப முடியல, எட்டு மணிக்குப் பேசலாம்" என்று சொல்லுங்கள். இடைவேளை கேட்டவரே எட்டு மணிக்கு வந்து பேச்சைத் தொடங்க வேண்டும். நேரம் சொல்லாவிட்டால் மற்றவர் துரத்துவார், இவர் இன்னும் ஓடுவார். இன்னொரு கோளாறு: அந்த 20 நிமிடமும் "என்னைப் பார்த்து அப்படிச் சொல்லலாமா" என்று உள்ளுக்குள் வசனம் ஒத்திகை பார்ப்பது. துடிப்பு இறங்கவே இறங்காது. நடங்கள், பாத்திரம் கழுவுங்கள்.

திரும்பி வந்தபின் முதல் வாக்கியம் முக்கியம். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்றால் அது ஆளின் மேல் தீர்ப்பு. "நேத்து சொல்லாம திட்டத்தை மாத்தினது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்றால் அது ஒரு செயலைப் பற்றிய புகார். புகாருக்குத்தான் பதில் உண்டு.

தூரிகை:
சரி, பொறாமை?

வெண்பலகை:
வருவது இயல்பு. "பயமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னால் பேசித் தீர்க்கலாம். கைப்பேசியின் கடவுச்சொல்லைக் கேட்பது வேறு கதை. ஒருமுறை சோதித்தால் அன்றைக்கு மட்டும் நிம்மதி, மறுநாள் மறுபடி சோதிக்கத் தோன்றும்.

கரைமணல்:
ஒன்றைச் சேர்க்கிறேன். மிரட்டல், அடி, பணத்தையும் நண்பர்களையும் தடுப்பது, இவற்றை 'முதிராமை' என்று மென்மையாக்காதீர்கள். அங்கே மேலே சொன்ன இடைவேளை உத்தி எதுவும் பொருந்தாது. முதலில் பாதுகாப்பு, நம்பகமான ஒருவரிடம் சொல்வது.